மாரியோவின் தொப்பிக்கு எந்த நிறம்?

சிறு பிள்ளையின் கையில் ஒரு கோட்டுச் சித்திரத் தாளையும் நான்கைந்து வண்ணப் பென்சில்களையும் கொடுத்துவிட்டால் வீட்டில் அரை மணி நேரம் அமைதி நிலவும் என்பதைத் தாய்மாருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரத்தில் அரிசி களையலாம். உலர்ந்த துணியை மடிக்கலாம். மூத்த பிள்ளையின் வீட்டுப் பாடத்தையும் பார்த்துவிடலாம். முன்னாளில் அந்தத் தாளில் கிளி இருக்கும், தாமரை இருக்கும், துதிக்கை தூக்கிய யானை இருக்கும். இன்று பெரும்பாலும் காணப்படுபவர் வேறொருவர். பருத்த மூக்கு, அடர்ந்த மீசை, விளிம்பு வைத்த தொப்பி, தோளிலே வார் மாட்டிய காற்சட்டை ஆகிய கோலத்துடன் ஒரு கையை மேலே வீசித் துள்ளி நிற்கும் குள்ள மனிதர். அவர் பெயர் மாரியோ.

இவரை அறியாத முதியோருக்காக இரண்டொரு வார்த்தை. மாரியோ ஒரு வீடியோ விளையாட்டின் நாயகன். காளான்களையும் குழாய்களையும் தாண்டிக் குதித்து, சிறைப்பட்ட இளவரசியை மீட்கப் போகிறவர். தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவிகள் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தபோது, அவற்றுடன் இவரும் வந்து சேர்ந்தார். அன்று அந்தப் பொத்தான்களை அழுத்திய சிறுவர்கள் இன்று பிள்ளை பெற்ற தகப்பன்மார். 2023இல் இவரை வைத்து எடுத்த திரைப்படம் உலகமெங்கும் ஓடி நூற்று முப்பது கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. ஆகவே தகப்பனும் பிள்ளையும் ஒரே நாயகனைப் பற்றிப் பேசிக்கொள்ளும் அபூர்வமான காட்சியை இப்பொழுது நாம் காண்கிறோம்.

தெமோதரை போன்ற ஒரு மலைநாட்டுச் சிற்றூரில் இந்தத் தாள் பிள்ளையின் கைக்கு வந்து சேரும் வழி சுவையானது. தோட்டத்து லயத்திலிருக்கும் தாயார் கைத்தொலைபேசியிலே படத்தைத் தேடி எடுக்கிறார். வாட்ஸ்அப் வழியாக அதைக் கடைத்தெருவிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைக்கு அனுப்புகிறார். கொழுந்து நிறுத்துவிட்டுச் சாமான் வாங்கப் போகும்போதோ, பதுளைக்குப் போன தகப்பனார் திரும்பி வரும்போதோ தாள் வீட்டுக்கு வருகிறது. அடுத்த காம்பராப் பிள்ளைக்கும் ஒன்று வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கப்படுகிறது. நாலாந் தலைமுறைப் பிரதிக்கு வரும்போது மாரியோவின் மீசை வெறும் கரித்திட்டாகிக் கண்ணும் மூக்கும் அதற்குள் மறைந்துவிடும். அப்படியிருந்தும் பிள்ளை அவரை அடையாளம் கண்டுகொள்கிறது. அது எப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

2020 மார்ச்சில் தொற்றுநோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த அச்சுத் தாள்களுக்குப் புதிய மதிப்பு உண்டாயிற்று. வீட்டுக்குள் அடைபட்ட சிறுவருக்கு அதுவே பாடமும் அதுவே பொழுதுபோக்குமாயிற்று. ஈராண்டு கழிந்ததும் மற்றோர் இடி. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கொழும்பின் இரண்டு நாளேடுகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்திவைத்தன. பத்திரிகைக்கே தாள் இல்லாத காலத்தில் மாரியோவுக்கு எங்கிருந்து தாள் கிடைக்கும்? தாள் என்பது எண்ணிச் செலவழிக்க வேண்டிய பொருள் என்பதை அவ்வாண்டில் நம் வீடுகள் கற்றுக்கொண்டன. அந்தப் பாடம் இன்னும் மறக்கவில்லை. எனவே ஒரு தாளைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது அதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது நியாயமே.

எனக்குத் தெரிந்த ஒரு முன்பள்ளியில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, கொடுத்த மாரியோத் தாளில் தொப்பிக்குப் பச்சை தீட்டிவிட்டாள். ஒழுங்காகவும் தீட்டியிருந்தாள், கோட்டுக்கு வெளியே ஒரு கீறல் போகவில்லை. ஆசிரியை சிவப்புப் பேனையால் குறுக்கே கோடிழுத்து, "மாரியோவுக்குச் சிவப்புத் தொப்பிதானே?" என்றார். சிறுமி அழவுமில்லை, அஞ்சவுமில்லை. "இது மாரியோ இல்லீங்க டீச்சர், அவரு தம்பி" என்றாள். எதிர்வாதம் செய்ததற்காக அவளுக்கு நட்சத்திரமும் கிடைக்கவில்லை.

இவ்விருவருள் யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்பதற்கு நாம் யப்பான் வரை சென்று வரவேண்டும்.

பூச்சீட்டும் புள்ளியும்

மாரியோவை உருவாக்கிய நின்டெண்டோ நிறுவனம் வீடியோ விளையாட்டுக்காகத் தோன்றியதன்று. 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் புசஜிரோ யமவுச்சி என்பவர் ஹனபுடா எனப்படும் சீட்டுகளைச் செய்து விற்பதற்காகத் தொடங்கியது அது. ஹனபுடா என்றால் பூச்சீட்டு. மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதத்துக்கும் 48 சீட்டுகள். மார்ச்சுக்குச் செரிப்பூ, ஜனவரிக்கு நம் பண்டாரவளைப் பக்கத்தார் பைனஸ் என்று சொல்லும் மர இனம். இந்தச் சீட்டுகளைப் பழைய முறையில் செய்த விதந்தான் நம் கதைக்கு வேண்டியது. முதலில் படத்தின் கோட்டை மட்டும் கருமையில் அச்சிடுவார்கள். பின்பு, நிறத்துக்கு ஒன்றாகத் துளை வெட்டிய தகடுகளை அதன்மேல் வைத்துத் தூரிகையால் வண்ணத்தை ஏற்றுவார்கள். கோடு முன்னே, நிறம் பின்னே. நம் பிள்ளைகள் தரையிலே குப்புறப் படுத்துக்கொண்டு செய்யும் வேலையும் அதுதான் அன்றோ?

அந்த நிறுவனத்தில் 1977ஆம் ஆண்டு ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ஷிகெரு மியமோட்டோ. 1952இல் கியோட்டோவுக்கு அருகே பிறந்தவர். கைத்தொழில் வடிவமைப்புப் பயின்றவர். பொறியியலாளரல்லர், படம் வரைகிறவர். 1981இல் வெளியான 'டொங்கி கொங்' என்ற விளையாட்டுக்காக, பீப்பாய்களைத் தாண்டி ஓடும் ஒரு தச்சனை அவர் வரைய நேர்ந்தது. கணினித் திரையில் அவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? நெடுக்கே 16 புள்ளி, குறுக்கே 16 புள்ளி; ஆக 256 புள்ளிகள். அதற்குள் தலை, முகம், உடல், கை, கால் எல்லாம் அடங்க வேண்டும். தீட்டுவதற்கு நிறங்களோ மூன்றே மூன்று.

இந்த நெருக்கடியில்தான் மாரியோ பிறந்தார். இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் வாயை வரைய முடியாது. வரைந்தால் அது வாயென்று தெரியாது. ஆகவே பெரிய மூக்கை வைத்து, அதன்கீழ் மீசையைப் போட்டார். வாய்க்கு வேலையில்லாமற் போயிற்று. குதிக்கும்போது தலைமயிர் பறக்க வேண்டும். அதைக் காட்ட இடமில்லை. ஆகவே தொப்பி. கையை வீசி ஓடும்போது சட்டையும் உடலும் ஒரே நிறமாயிருந்தால் கை அசைவது தெரியாது. ஆகவே வார் வைத்த காற்சட்டை ஒரு நிறம், சட்டைக் கை வேறு நிறம். இன்று உலகமறிந்த அந்த உருவத்தில் அலங்காரத்துக்காக வைத்தது என்று ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முடையைத் தீர்க்க வந்தது. போட்டோக்கொப்பியின் நாலாந் தலைமுறையிலும் பிள்ளை அவரை அடையாளம் காண்பதன் இரகசியம் இதுவே. மூக்கு, மீசை, தொப்பி என்ற மூன்று திட்டுகள் எஞ்சினாற் போதும், ஆளைத் தெரிந்துவிடும்.

பெயரும் பின்னர் வந்ததுதான். முதலில் அவர் வெறும் 'குதிக்கும் மனிதன்'. அமெரிக்காவில் நின்டெண்டோவுக்குக் களஞ்சியசாலையை வாடகைக்கு விட்டிருந்த மாரியோ செகாலி என்பவரின் பெயரை அங்கிருந்தோர் இவருக்குச் சூட்டிவிட்டனர். வீட்டுச் சொந்தக்காரரின் பெயரை விளையாட்டுப் பொம்மைக்கு வைப்பது நம்மவர்க்கும் புதிதன்று. கணக்கப்பிள்ளையின் பெயரைத் தாங்கிய தோட்டத்து நாய்களை நான் அறிவேன்.

இனி நிறத்துக்கு வருவோம். 1981இல் மாரியோ அணிந்திருந்தது சிவப்புக் காற்சட்டை, நீலச் சட்டை. இன்றைய தாள்களோடு ஒப்பிட்டால் நேர் எதிர்! 1985இல் 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தபோது காற்சட்டை சிவப்பாகவே இருக்க, சட்டை பழுப்பாயிற்று. அதே பழுப்புத்தான் தலைமயிருக்கும் மீசைக்கும் சப்பாத்துக்கும். மூன்று நிறத்துக்கு மேல் கிடையாதாகையால் ஒரே நிறம் நாலு வேலை பார்த்தது. சிவப்புச் சட்டையும் நீலக் காற்சட்டையும் பிற்காலத்தில் நிலைபெற்றவை. ஆக, 'மாரியோவின் சரியான நிறம்' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது பல நிறங்களை மாற்றிப் பார்த்தபின் நிலைத்த ஒரு நிறமே.

தம்பியின் கதை இதனிலும் வியப்பானது. 1983இல் இருவர் சேர்ந்து ஆடும் 'மாரியோ பிரதர்ஸ்' என்ற விளையாட்டைச் செய்தபோது இரண்டாவது ஆட்டக்காரனுக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. இன்னோர் ஆளை வரைந்து சேமிக்கக் கருவியில் இடம் போதாது. அதே மாரியோவின் படத்தை எடுத்தார்கள், நிறத்தை மாத்திரம் மாற்றினார்கள், பச்சை தீட்டினார்கள். லூயிஜி பிறந்தான். உயரமும் ஒல்லியுமான தனி உருவம் அவனுக்கு வாய்த்தது பின்னாளில். பிறந்தபோது அவன் பச்சை தீட்டப்பட்ட மாரியோவே. முன்பள்ளிச் சிறுமி செய்தது எதுவோ, அதையே கியோட்டோவில் நின்டெண்டோவும் செய்தது. ஒருவருக்கு உலகப் புகழ். மற்றவருக்குச் சிவப்புப் பேனைக் கோடு.

1985ஆம் ஆண்டு விளையாட்டை இன்று ஆடிப் பார்க்கும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். வானத்தில் மிதக்கும் மேகத்தையும் நிலத்தில் முளைத்த புதரையும் உற்று நோக்குங்கள். இரண்டும் ஒரே உருவம்! மேலே வெள்ளை தீட்டினால் மேகம். கீழே பச்சை தீட்டினால் புதர். முழு விளையாட்டும், படங்களும் சேர்த்து, 40 கிலோபைட் அளவுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இக்காலக் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். கோட்டை மாற்றாமல் நிறத்தை மாற்றிப் பொருளையே மாற்றிவிடும் வித்தையை அந்த வறுமை கற்றுக்கொடுத்தது. விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் மியமோட்டோவும் அவருடைய தோழர் தகாஷி தெசுகாவும் முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார்கள். திருத்தம் வேண்டியபோது மேலே மெல்லிய தாளை விரித்து அதில் வரைந்தார்கள். கணினிக்குள் போகுமுன் மாரியோவின் உலகம் தாளில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் உதவும்.

கோட்டுக்குள் அடங்குவது நன்றா?

பிறர் வரைந்த கோட்டுக்குள் பிள்ளை நிறம் தீட்டுவது நல்லதா என்ற வழக்கு மாரியோவைவிட வயதில் மூத்தது. அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டையொட்டியே பிள்ளைகளுக்கான தீட்டற் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. 1903இல் 'கிரேயோலா' மெழுகுப் பென்சில்கள் எட்டு நிறங்கள் கொண்ட பெட்டியாக ஐந்து சதத்துக்கு விற்பனைக்கு வந்தன. சிலவாண்டுகளில் பத்திரிகைச் சித்திரக் கதையின் நாயகனான பஸ்டர் பிரௌன் என்ற சிறுவனும் தீட்டற் புத்தகத்தில் ஏறிவிட்டான். புகழ்பெற்ற பாத்திரத்தை வண்ணந் தீட்ட விடும் வியாபாரம் அன்றே தொடங்கிவிட்டதென்க.

எதிர்வழக்காடியவருள் முதன்மையானவர் விக்டர் லோவன்ஃபெல்ட். ஒஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற சித்திரக் கல்வியாளர். சிறுவரின் படைப்பாற்றல் பற்றி 1947இல் அவர் வெளியிட்ட நூலில், தன் மனத்திலிருந்து பறவையை வரைந்துகொண்டிருந்த பிள்ளை, அச்சிட்ட பறவைக்கு நிறம் தீட்டப் பழகியபின் தன் பறவையை இழந்துவிடுவதைப் படங்களுடன் காட்டினார். 'எனக்கு வரையத் தெரியாது' என்று பிள்ளை சொல்லத் தொடங்குவது அந்த இடத்தில்தான் என்பது அவர் கட்சி.

இலங்கைக்கு இக்கருத்து அவருக்கு முன்பே வந்துவிட்டது. 1920களில் இங்கே பிரதம சித்திர வித்தியாதரிசியாயிருந்த சி. எஃப். வின்சர், பாடசாலைகளில் வேரூன்றியிருந்த பார்த்து வரையும் முறையை விரும்பாதவர். பிள்ளைகள் தாம் கண்டதையும் எண்ணியதையும் வரையட்டும் என்றவர். அவர் பெயராலேயே யாழ்ப்பாணத்தில் 1938இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். அங்கு மூட்டிய விளக்கு நம் மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 1977க்குப் பின்னரே அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை ஓர் அறையில் ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்பை நடத்திய இடத்தில் சித்திரத்துக்கு ஏது நேரம்?

மறுபக்கத்திலும் பெரியோர் இருக்கிறார்கள். மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தவர். நம் ஊர் முன்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப் பலகையில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அவர் முறையில் உலோகச் சட்டங்கள் உண்டு. அவற்றின் ஓரமாகப் பென்சிலை ஓட்டிப் பிள்ளை ஓர் உருவத்தை எடுக்கும். பின்பு அதனுள்ளே வண்ணப் பென்சிலால் கோடு கோடாக இட்டு நிரப்பும். படக்கலை அதன் நோக்கமன்று. எழுத்துப் பழகுமுன் விரல்களுக்குப் பென்சில் பழக வேண்டும், விளிம்பில் நிற்கக் கை அறிய வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. மொண்டிசோரிப் பிள்ளை, தான் நிரப்பும் கோட்டைத் தானே இழுக்கிறது. நம் தாளில் கோடு கடையிலிருந்து வருகிறது.

நம் வீட்டு வாசலுக்கு வாருங்கள். லயத்து முற்றத்தில் தைப்பொங்கலன்று புள்ளிக் கோலம் போடும் பெண்பிள்ளை என்ன செய்கிறாள்? முதலில் எண்ணிப் புள்ளி வைக்கிறாள். புள்ளியைச் சுற்றிக் கோடு வளைக்கிறாள். கடைசியில் உள்ளே வண்ணப் பொடி தூவுகிறாள். புள்ளி, கோடு, நிறம் என்ற மூன்று வேலையும் அவளுடையவை. மாரியோத் தாளை வாங்குகிற பிள்ளைக்கு முதல் இரண்டும் போய் மூன்றாவது மட்டும் எஞ்சுகிறது. அதிலும் 'சிவப்புத்தான் தீட்ட வேண்டும்' என்று சொல்லிவிட்டால் மூன்றாவதும் போய்விடுகிறது. பிறகு எஞ்சுவது கைவேலை மட்டுமே.

ஆகையால் தீட்டற் தாளை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று லோவன்ஃபெல்ட்டைப்போல் நான் சொல்ல வரவில்லை. களைத்து வரும் தாய்க்கு அரை மணி நேர ஓய்வு சிறிய பொருளன்று. பிள்ளைக்கு அதில் உள்ள இன்பமும் பொய்யன்று. நான் சொல்வது ஒன்றுதான்: தாளோடு நின்றுவிடாமல், அந்தத் தாளிலுள்ள உருவம் எப்படிப் பிறந்தது என்பதையும் பிள்ளைக்குக் கொடுங்கள். அதற்கு அச்சு இயந்திரம் வேண்டியதில்லை.

கட்டக் கொப்பி போதும்

கணக்குப் பாடத்துக்கு வாங்கும் கட்டக் கொப்பி எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் குறுக்கே 12 கட்டம், நெடுக்கே 16 கட்டம் எண்ணி ஒரு சட்டம் போடுங்கள். 1985ஆம் ஆண்டு மாரியோ நிற்கும்போது அவருடைய அளவு அவ்வளவே. இனி இடப்புறத்திலிருந்து எண்ணுங்கள். முதல் வரியில் 3 கட்டம் விட்டு 5 கட்டத்துக்குச் சிவப்பு. இரண்டாம் வரியில் 2 விட்டு 9க்குச் சிவப்பு. தொப்பி முடிந்தது. மூன்றாம் வரியில் 2 விட்டு, 3 பழுப்பு, 2 தோல்நிறம், 1 பழுப்பு, 1 தோல்நிறம். நான்காம் வரியில் 1 விட்டு, 1 பழுப்பு, 1 தோல்நிறம், 1 பழுப்பு, 3 தோல்நிறம், 1 பழுப்பு, 3 தோல்நிறம். ஐந்தாம் வரி கிட்டத்தட்ட அதுவே: 1 விட்டு, 1 பழுப்பு, 1 தோல்நிறம், 2 பழுப்பு, 3 தோல்நிறம், 1 பழுப்பு, 3 தோல்நிறம். மூக்கு எட்டிப் பார்க்கும் இடம் இது. ஆறாம் வரியில் 1 விட்டு, 2 பழுப்பு, 4 தோல்நிறம், 4 பழுப்பு, மீசை வந்துவிட்டது. ஏழாம் வரியில் 3 விட்டு 7 தோல்நிறம், அது தாடை.

இத்துடன் எட்ட நின்று கொப்பியைப் பாருங்கள். கட்டம் கட்டமாக இருந்தது முகமாகிவிடும். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் இன்னும் நன்று. மீதி 9 வரிகளுக்குரிய எண்களை நான் வேண்டுமென்றே தரவில்லை. உடம்பையும் கையையும் காலையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். கை அசைவது தெரியவில்லை என்று பிள்ளை வந்து முறையிடும் வேளையில், சட்டைக்கு வேறு நிறம் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம்; சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டால் இன்னும் மகிழ்ச்சி. இரண்டாவது சட்டத்தில் அதே கட்டங்களுக்குச் சிவப்பிருந்த இடமெல்லாம் பச்சை தீட்டச் சொல்லுங்கள். தம்பி வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்பான். பஸ்டல் வேண்டாம், அது கட்டத்தை மீறி அப்பிக்கொள்ளும். கூரிய வண்ணப் பென்சிலே ஏற்றது.

வளர்ந்த மாணவருக்கு இதில் கணக்கும் இருக்கிறது. 256 புள்ளிக்கு மூன்று நிறமும் நிறமில்லாத வெறுமையும் என நாலு வகை. நாலு வகையைக் குறிக்கக் கணினிக்கு இரண்டு இலக்கங்கள் போதும். ஆகவே 512 இலக்கங்கள். எட்டெட்டாக வகுத்தால் 64 பைட். ஒரு மாரியோவின் எடை அவ்வளவுதான்.

அச்சிடும் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. மாரியோ உரிமையுள்ள சொத்து. நின்டெண்டோ நிறுவனமே சிறுவர் அச்சிட்டுத் தீட்டுவதற்கென்று தன் இணையத்தில் படங்களை வெளியிட்டிருக்கிறது; தேடும்போது அவற்றை முதலில் தேடுவது நேர்மை. படமும் தெளிவாயிருக்கும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நேர்மையாகப் பெற்ற ஒரு பிரதியிலிருந்து ஒருவர் தம் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுப்பதற்கு இடந்தருகிறது. அதையே நூறாகப் பெருக்கி, கட்டி, அட்டை போட்டு விற்பது வேறு விஷயம். போட்டோக்கொப்பிக் கடை முதலாளிமார் மன்னிக்க வேண்டும். கட்டக் கொப்பியில் பிள்ளை தானாகப் படைக்கும் உருவத்துக்கு இந்தக் கவலை எதுவுமில்லை. அது பிள்ளையின் சொத்து.

அப்படிப் படைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் பிள்ளையைத் தெமோதரைப் புகையிரத நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1924இல் பதுளை வரை பாதை திறக்கப்பட்டபோது, மலையின் சரிவு தண்டவாளத்துக்குத் தாங்காத அளவு செங்குத்தாயிருந்தது. பாதையை மலையைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து, நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைத்துவிட்டார்கள். தண்டவாளம் தன் காலடியில் தானே புகுந்து போகிறது. தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்று நம் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. ஏட்டில் எழுதிய சான்று எதையும் நான் கண்டதில்லை. ஆனாலும் வளைந்து வளைந்து தன்மேல் தானே ஏறும் ஒரு கோட்டைப் பிள்ளைக்கு விளக்க அந்தத் தலைப்பாகையைவிட நல்ல படம் கிடையாது. வீட்டிலே ஒரு துவாயை எடுத்துச் சுற்றிக் காட்டலாம்.

இதைக் கட்டத்தில் வரைவது எளிதன்று. அதனாலேயே வரையத் தக்கது. மேலே செல்லும் தண்டவாளமும் கீழே சுரங்கத்துக்குள் செல்லும் தண்டவாளமும் ஒரே கட்டத்தில் வந்து முட்டும். 16 கட்டத்துக்குள் மியமோட்டோவுக்கு ஏற்பட்ட முடை இங்கே நம் பிள்ளைக்கு ஏற்படும். கீழே போவதைக் கரும் பச்சையாகவும் மேலே போவதைக் கபிலமாகவும் தீட்டித் தப்பலாம். சுரங்கத்தின் வாயை மட்டும் கறுப்பாக வைத்து மற்றதை மறைத்துவிடலாம். இரண்டுமில்லாத மூன்றாவது வழியும் இருக்கக்கூடும். மூன்று நிறத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் ஆட்டம் சூடுபிடிக்கும்.

சுரங்கம் முடிந்தபின் பாலத்துக்குப் போகலாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை வரைய 16 கட்டம் போதாது. வளைவு ஒவ்வொன்றின் வாய்க்கும் 3 கட்டமும், தூண் ஒவ்வொன்றுக்கும் 1 கட்டமுமாக வைத்தால், 9 வாய்க்கு 27. இரு கரையையும் சேர்த்துத் தூண் 10. மொத்தம் 37 கட்டங்கள். பெரிய கட்டமுள்ள கொப்பியில் ஒரு பக்கத்தின் அகலம் இதற்குக் காணாது. கொப்பியின் நடுப்பக்கத்தை விரித்து, தையல் விழும் கட்டத்தில் ஐந்தாவது வளைவின் உச்சி வரும்படி எண்ணித் தொடங்க வேண்டும்.